‘கொலோ’: ஓர் இலத்தீன் வினையும் அதன் எழுவாயும்

ஒரு சொல்லின் பொருள் வரலாறு அச்சொல்லை வழங்கிய சமுதாயத்தின் உழைப்புறவுகளோடு பிணைந்தது. இலத்தீன் மொழியின் ‘கொலோ’ என்னும் வினை இதற்குத் தக்க சான்றாகும். நிலத்தைப் பண்படுத்தல், குடியிருத்தல், பேணுதல், தெய்வத்தை வழிபடுதல் என நான்கு பொருள்களில் அது வழங்கிற்று. சுழலுதல், சுற்றித் திரிதல் என்னும் பொருளுடைய தொல் அடியொன்றிலிருந்து அது பிறந்தது என்பர் மொழியியலார். ‘சக்கரம்’ என்னும் வடசொல்லும் அவ்வடியினதே. உழுத நிலத்தையொட்டியே வாழ்ந்து, விளைவைக் காக்கும் தெய்வத்தை வணங்கிய வேளாண் மக்களுக்கு இந்நான்கும் ஒரே வாழ்க்கைமுறையின் கூறுகளாய் இருந்தன.

இவ்வினை மூன்றாம் வாய்பாட்டைச் சேர்ந்தது. கொலோ, கொலெரே, கொலுயி, குல்த்தும் என்பன அதன் நான்கு தலைமை வடிவங்கள். நிகழ்காலத்தில், கொலோ (பண்படுத்துகிறேன்), கொலிஸ் (பண்படுத்துகிறாய்), கொலித் (பண்படுத்துகிறான்), கொலிமுஸ் (பண்படுத்துகிறோம்), கொலிதிஸ் (பண்படுத்துகிறீர்கள்), கொலுந்த் (பண்படுத்துகிறார்கள்) என அது திரியும். ‘கொலேபாம்’ என்பது தொடர்ந்து நிகழ்ந்த இறந்தகாலத்தையும், ‘கொலுயி’ முற்றுப்பெற்ற செயலையும், ‘கொலாம்’ எதிர்காலத்தையும் உணர்த்தும். தமிழிற் போலவே விகுதி இடத்தையும் எண்ணையும் காட்டுவதால் எழுவாயைத் தனியே கூறவேண்டியதில்லை.

கூறப்படாத அவ்வெழுவாய் யார் என்பதே நம் வினா. இலத்தீன் அகராதிகள் வினையைத் தன்மை ஒருமையில் தருவன. ஆகவே ‘நான் பண்படுத்துகிறேன்’ என்பதே தலைச்சொல். ஆயின் உரோமப் பெருநிலங்களில் அவ்வாறு கூறியவன் பெரும்பாலும் ஏர் பிடித்தவன் அல்லன். கி.மு. 160 அளவில் வேளாண்மை பற்றி நூலெழுதிய கேற்றோ, நில உடைமையாளனையே விளித்து எழுதினார். மூப்படைந்த எருதுகளையும் பழைய கருவிகளையும் விற்றுவிடுமாறு கூறும் பட்டியலில் முதிய அடிமையையும் நோயுற்ற அடிமையையும் அவர் சேர்த்தார். கி.மு. 37இல் எழுதிய வாரோ, வேளாண் கருவிகளைப் பேசுவன, அரைகுறையாய் ஒலிப்பன, ஊமையானவை என வகுத்துக் காட்டும் பாகுபாட்டில் அடிமைகள் முதல் வகை, எருதுகள் இரண்டாவது, வண்டிகள் மூன்றாவது. தன்மை ஒருமையில் உடைமையாளன் பேச, உழைத்தவன் கருவியாகக் கணிக்கப்பட்டான். ‘கொலித்துர்’ என்னும் செயப்பாட்டு வடிவிலோ நிலம் பண்படுத்தப்படுகிறது, தெய்வம் வழிபடப்படுகிறது. செய்தவனைக் குறிப்பிட வேண்டிய தேவையே இல்லை.

இவ்வினையடிப் பிறந்த பெயர்களும் இதையே உணர்த்துகின்றன. ‘கொலோனுஸ்’ என்பது முதலில் உழவனைக் குறித்தது. பின்னர்க் குத்தகைக் குடியானவனைக் குறித்தது. கி.பி. 332இல் கொன்ஸ்தந்தீன் பேரரசன் இயற்றிய சட்டம், ஓடிப்போன கொலோனுஸ்களை அவர்கள் புறப்பட்ட இடத்திற்கே திருப்பி அனுப்பவும், ஓட எண்ணுவோரை அடிமைகளைப் போல விலங்கிடவும் வகை செய்தது. ‘கொலோனியா’ என்பது வென்ற நிலத்தில் உரோமர் அமைத்த குடியேற்றம். ஜேர்மனியின் கேள்ன் நகரம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது, கி.பி. 50இல் அது அத்தகுதியைப் பெற்றது. பிற்கால ஐரோப்பிய வல்லரசுகள் தம் ஆட்சிப் புலங்களுக்கு இட்ட பெயரும் இதன் வழிவந்ததே.

‘குல்தூரா’ என்னும் பெயரின் வரலாறு வேறு திசையிற் சென்றது. வளமான நிலமும் பண்படுத்தாவிடின் விளையாதது போலக் கல்வியில்லாத உள்ளமும் பயன்தராது எனக் கி.மு. 45இல் எழுதிய சிசரோ, மெய்யியலை உள்ளத்தின் உழவாகக் கண்டார். அவ்வுவமை அழகியது. ஆனால் உள்ளத்தை உழுவதற்கு வேண்டிய ஓய்வு, நிலத்தை உழுத பிறரது உழைப்பினாலேயே கிட்டியது. 1976இல் வெளியான நூலொன்றில் ஆங்கிலத்தின் ‘கல்ச்சர்’ என்னும் சொல்லை ஆராய்ந்த றேமண்ட் வில்லியம்ஸ், அதன் வேரை இவ்வினையிலேயே காட்டினார். அதற்கு ஈடாக நாம் வழங்கும் ‘பண்பாடு’ என்னும் சொல்லும் பண்படுத்திய நிலத்தை நினைவூட்டுவதே.

பண்பாட்டை ஆராய்வோர் அதன் விளைபொருள்களாகிய நூல்களையும் கலைகளையும் மட்டும் நோக்குதல் போதாது. ‘கொலுந்த்’ என்னும் படர்க்கைப் பன்மையில் அடங்கியிருந்த மனிதர் யாவர், அவர்களது உழைப்பின் பயன் யாரைச் சென்றடைந்தது என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.