விளக்குத் திரி: தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரணியத்தை அடுத்துக் கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் பல்லாயிரக்கணக்கில் சாய்ந்தன. பல சிற்றூர்களில் மின்சாரம் மீண்டும் வருவதற்கு வாரங்கள் ஆயின. இத்தகைய நாட்களில்தான் பரணில் கிடக்கும் அரிக்கேன் விளக்கும், மூலையில் ஒதுக்கிய திரி அடுப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. எடுத்துத் துடைத்து எண்ணெய் ஊற்றி ஏற்றினால், சுடர் தாழ்ந்து புகைகிறது, கண்ணாடி கருக்கிறது, சற்று நேரத்தில் திரியே கருகி விளக்கு அணைகிறது. விளக்கு பழுதாகிவிட்டது என்று எண்ணி அதை மீண்டும் பரணில் போடுகிறோம். ஆனால் பெரும்பாலும் குறை விளக்கில் இல்லை, திரியில்தான் இருக்கிறது.

பருத்தி விளைவிப்போரும் அதன் நூலை நெய்வோரும் அங்கத்தினராக உள்ள சங்கங்களில் இதைப் பற்றி நாம் அறிந்திருப்பது கடமையாகும். ஏனெனில் திரி நம் கைப்பொருள். எந்தத் திரி ஏற்றது, அதை எவ்வாறு பொருத்த வேண்டும் என்பவற்றை இங்கே காண்போம்.

திரியின் வேலை யாது?

விளக்கில் எரிவது திரி என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. எரிவது எண்ணெயின் ஆவி. கீழேயுள்ள எண்ணெயை மேலே கொண்டுவந்து சுடரின் வெப்பத்தில் ஆவியாக விடுவது ஒன்றே திரியின் வேலை. எண்ணெய் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் வரையில், அது ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், திரி எளிதில் கருகுவதில்லை. எண்ணெய் வருவது குறைந்தால் உடனே சுடர் திரியையே உண்ணத் தொடங்குகிறது.

எண்ணெய் தானே மேலேறுவது எங்ஙனம்? நூலின் இழைகளுக்கு இடையே மிக நுண்ணிய சந்துகள் உள்ளன. அச்சந்துகளின் சுவர்களைத் திரவம் பற்றிக்கொண்டு ஏறுகிறது. இதனை நுண்புழை ஏற்றம் என்பர். 1 மில்லிமீட்டர் உட்குறுக்களவுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் உயரம் ஏறும். மண்ணெண்ணெய் ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவே ஏறும். குழாய் பத்தில் ஒரு பங்காகக் குறுகினால் ஏறும் உயரம் பத்து மடங்காகும். ஆகையால் சந்து குறுகலாக இருப்பது நல்லதே. ஆனால் சந்து குறுகக் குறுக, திரவம் நகரும் வேகம் குறையும் என்பதையும் மறத்தலாகாது. மிக இறுகிய திரியில் எண்ணெய் உயரம் வரை ஏறும். ஆனால் சுடர் கேட்கும் அளவுக்கு வந்து சேராது. மிகத் தளர்ந்த திரியில் எண்ணெய் போதிய உயரம் ஏறாது; அதனைச் சுற்றி இடைவெளியும் உண்டாகும். திரியைத் தேர்ந்தெடுப்பதிலும் பொருத்துவதிலும் நாம் நாடவேண்டியது இவ்விரண்டுக்கும் நடுவான நிலையேயாகும்.

அகல் விளக்கின் திரி ஏன் எண்ணெயின் மேற்பரப்பை ஒட்டியே கிடக்கிறது என்பதும் இதனால் விளங்கும். நல்லெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் மண்ணெண்ணெயைவிடப் பல மடங்கு பாகுத்தன்மை உடையவை. அவை நெடுந்தூரம் விரைந்து ஏறமாட்டா. மண்ணெண்ணெயோ நீரோட்டமானது. அதனால்தான் அரிக்கேன் விளக்கில் சுடரை எண்ணெய்க் கலத்திற்கு மேலே சில அங்குல உயரத்தில் வைக்க முடிகிறது.

எந்த நூல் ஏற்றது?

திரிக்குப் பருத்தி நூலே ஏற்றது. பருத்தி உருகாது. பாலியெஸ்டர் கலந்த நூல் சுமார் 250 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகிவிடும். உருகியது திரியின் முனையை அடைத்துக்கொள்ளும். கடையில் வாங்கும் திரியில் கலப்பு உண்டா என்று அறிய, ஓர் இழையைப் பிரித்து எரித்துப் பார்க்கலாம். பருத்தியாயின் காகிதம் எரிந்த மணத்துடன் மென்மையான சாம்பல் எஞ்சும். கலப்பாயின் இழை சுருங்கி, முனையில் கடினமான மணி போன்ற உருண்டை நிற்கும்.

அடுத்து, கஞ்சி போட்ட பாவு நூலைத் திரிக்குப் பயன்படுத்தலாகாது. கஞ்சிப் பசை இழைகளுக்கு இடையேயுள்ள சந்துகளை அடைத்துவிடும். தறியில் எஞ்சிய பாவு நூலையே பயன்படுத்த நேர்ந்தால், வெந்நீரில் நன்கு ஊறவைத்து அலசிப் பசையை முழுதும் நீக்கிய பின்னரே கொள்ள வேண்டும். சாயமிடாத நூலே நல்லது. 10ஆம் நம்பர், 20ஆம் நம்பர் போன்ற தடித்த நூல், முறுக்குக் குறைந்ததாக இருப்பின் மிகவும் ஏற்றது. கயிறு போல முறுக்கேறிய நூல் எண்ணெயை விரைந்து கொண்டுவராது.

பட்டைத் திரி நெய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெயைச் சுமப்பது நீளவாட்டில் செல்லும் பாவு நூலே. ஊடை நூல் அதனைக் கலையாமல் பிடித்து நிற்பதற்கு மட்டுமே. ஆகையால் பாவு தடித்தும் நெருங்கியும், ஊடை மெலிந்தும் தளர்ந்தும் இருத்தல் வேண்டும். ஊடையை ஓங்கி அடித்து இறுக்கினால் பார்வைக்கு நல்ல நாடா கிடைக்கும். நல்ல திரி கிடைக்காது.

ஈரம் மற்றொரு பகை. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை ஏற்கும் இயல்புடையது. மழைக்காலத்தில் திறந்து கிடந்த திரியின் சந்துகளில் முன்னமே நீர் புகுந்திருந்தால், மண்ணெண்ணெய் அந்நீரை எளிதில் தள்ளிவிட்டு ஏறமாட்டாது. புதுத் திரியாயினும் வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே விளக்கில் இடவேண்டும்.

அளவு பார்த்தல்

அரிக்கேன் விளக்குகளின் பட்டைத் திரி பெரும்பாலும் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை அகலமுள்ளது. பழைய திரியை அளவாகக் கொள்ளுதல் கூடாது. அது எரிந்து சுருங்கியிருக்கும். பர்னரில் திரி வெளிவரும் பிளவையே அளந்துகொள்ளுக. திரி அப்பிளவை இரு ஓரமும் நிரப்ப வேண்டும். ஆயினும் தங்குதடையின்றி ஏறி இறங்க வேண்டும்.

திரி குறுகலாயின் ஓரத்தில் இடைவெளி நிற்கும். அவ்விடைவெளி வழியே சுடர் கீழிறங்கி, கலத்திலுள்ள எண்ணெய் ஆவியைப் பற்றக்கூடும். விபத்துக்கு இதுவே வழி. திரி அகலமாயின் பிளவில் மடிந்து நெருங்கும். பற்சக்கரம் அதனை ஒரு பக்கமாக இழுக்கும். சுடர் கோணலாக எரிந்து கண்ணாடியைக் கருக்கும்.

பொருத்தும் முறை

முதலில் பர்னரைக் கழற்றி, பழைய கரியைச் சுரண்டித் துடைத்து உலர்த்துக. திரியின் நீளம், அதன் வால் கலத்தின் அடியைத் தொட்டு இரண்டங்குலம் படிந்து கிடக்கும் அளவு இருத்தல் வேண்டும். புதுத் திரியின் முனையைக் கத்தரியால் நேராக வெட்டி, பர்னரின் அடிப்புறமாக நுழைத்து, திருகைச் சுழற்றுக. பற்சக்கரத்தின் பற்கள் திரியின் இரு பக்கத்தையும் ஒருசேரப் பற்றியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுக.

முனை வெளிவந்ததும், இரு மூலைகளையும் ஓர் இழையளவு கத்தரித்துவிடுக. மூலைகள் அப்படியே நின்றால் சுடர் இரு கொம்புகளாக எழும்பிப் புகையும்.

கலத்தில் முக்கால் பாகம் எண்ணெய் ஊற்றி, பர்னரை இறுக மூடி, அரை மணி நேரம் காத்திருத்தல் இன்றியமையாதது. எண்ணெய் முனை வரை ஊறாத திரியில் தீ வைத்தால் முதல் நாளே அது கருகிப்போகும். ஏற்றும்போது திரியைப் பிளவின் மட்டத்திற்குச் சற்றே மேலாக வைத்து, சிறு சுடரில் ஐந்து நிமிடம் எரியவிடுக. உலோகம் சூடேறியதும் சுடர் தானே சற்று உயரும். அதன் பிறகு வேண்டிய அளவு ஏற்றிக்கொள்ளலாம். புகை தோன்றும் உயரத்திற்குச் சற்றுக் கீழே நிறுத்துவதே சரியான நிலை.

கலத்தில் எண்ணெய் காற்பங்குக்கும் கீழே குறைந்தால் ஏறவேண்டிய தூரம் மிகுதியாகும், சுடர் தளரும். அப்பொழுது திரியை உயர்த்துவதால் பயனில்லை. விளக்கை அணைத்து, ஆறவிட்டு, எண்ணெய் ஊற்றுக.

பலதிரி அடுப்பு

மண்ணெண்ணெய் அடுப்பில் பல திரிகள் இருக்கும். ஒவ்வொரு திரியும் தன் குழலை நிரப்பி நிற்க வேண்டும். விரலால் மெல்ல இழுத்தால் நகரவும், விட்டால் தானே நிற்கவும் வல்லதே சரியான பருமன். எல்லாத் திரிகளையும் கீழே இறக்கி, குழல் வாயின் மட்டத்தில் ஒரே அளவாக வெட்டுக. ஒன்று உயர்ந்திருந்தாலும் அவ்விடத்தில் சுடர் மஞ்சளாக எழும்பிப் பாத்திரத்தைக் கரியாக்கும். எல்லாம் மட்டமாக இருந்தால், அடுப்பு சூடேறியதும் சுடர் நீலமாக நிற்கும்; எண்ணெயும் மிச்சமாகும். மண்ணெண்ணெய் முன்போலத் தாராளமாகக் கிடைக்கும் பொருளன்று என்பதை அங்கத்தினர்கள் அறிவர்.

திரி குறைகிறதென்று ஒரு குழலை வெறுமையாக விட்டு அடுப்பை ஏற்றுதல் ஒருபோதும் கூடாது. வெறுங்குழல் எண்ணெய்க் கலத்துக்குள் தீ செல்லும் வாயிலாகும்.

செய்யத்தகாதவை

எரியும் விளக்கிலும் அடுப்பிலும் எண்ணெய் ஊற்றலாகாது. மண்ணெண்ணெயுடன் பெட்ரோல் கலத்தல் உயிருக்கே கேடு. நல்ல மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றுவதற்குக் குறைந்தது 35 டிகிரி வெப்பம் வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் விதித்துள்ளது. பெட்ரோலின் ஆவியோ பனி உறையும் குளிரிலும் பற்றிக்கொள்ளும். சிறிது கலந்தாலும் அப்பாதுகாப்பு அழிந்துபோகும். அன்றியும், கதவும் சன்னலும் அடைத்த அறையில் இவற்றை எரிய விட்டு உறங்குதல் கூடாது. நச்சுக் காற்று சேரும்.

சங்கங்கள் செய்யக்கூடியது

ஐப்பசி மழை தொடங்குமுன்னரே, பசை நீக்கிய தடித்த நூலில் சில அளவுகளில் திரி நெய்வித்து, உலர்த்தித் தகரப் பெட்டியில் மூடிவைத்து, சங்கக் கடையில் விற்பனைக்கு வைக்கலாம். இதற்குப் பெருமுதல் வேண்டுவதில்லை. தறியில் கழியும் நூலே பெரும்பாலும் போதும். வாங்க வருவோர் தத்தம் பர்னரையும் கையோடு கொண்டுவரும்படி சொல்லி, பிளவை அளந்து, அதற்குரிய திரியைக் கொடுப்பது நலம்.

அங்கத்தினர்கள் தம் வீட்டு விளக்கை இம்மாதத்தில் ஒரு நாள் இறக்கி, புதுத் திரியிட்டு, ஒரு மணி நேரம் எரித்துப் பார்த்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். புயல் வந்த இரவில், இருட்டில் தடவிக்கொண்டு செய்யத்தக்க வேலையன்று இது.