பெயரை நீக்கினால் போதுமா?

உங்கள் பள்ளியில் நீங்கள் பிறந்த அதே ஆண்டில், அதே தேதியில் பிறந்தவர்கள் எத்தனை பேர்? இருவரோ மூவரோ இருக்கலாம். அவர்களில் உங்கள் தெருக்காரர்? அநேகமாக நீங்கள் மட்டுமே! இந்த எளிய கணக்கு ஒரு கவர்னரின் நோய்க் குறிப்பையே வெளியே கொண்டுவந்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1990களில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ச்சிக்காகக் கொடுத்தார்கள். பெயரையும் முகவரியையும் நீக்கியிருந்தார்கள். பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்பது, அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவை மட்டும் அப்படியே இருந்தன. இவற்றால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தார்கள் போலும்.

லதான்யா ஸ்வீனி என்னும் ஆராய்ச்சி மாணவி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். அதில் பெயரோடு அதே மூன்று விவரங்களும் இருந்தன. கவர்னர் வில்லியம் வெல்ட் அந்நகரவாசி. அவர் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் 6 பேர். அவர்களில் ஆண்கள் 3 பேர். அவருடைய அஞ்சல் எண்ணில் ஒரே ஒருவர்!

'ஹிப்பா' என்னும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அந்தரங்கப் பாதுகாப்பு விதிகள் 2003இல் நடைமுறைக்கு வந்தன. நோயாளியின் அடையாளத்தை நீக்க அவை கூறும் ஒரு வழியில் 18 வகை விவரங்களை அகற்ற வேண்டும். தேதிகளில் ஆண்டு மட்டுமே மிஞ்சும். ஐந்து இலக்க அஞ்சல் எண்ணில் முதல் மூன்றைத் தரலாம். அதுவும் அப்பகுதியில் 20,000 பேருக்கு மேல் வசித்தால்தான். ஆராய்ச்சியாளருக்கு இது நட்டந்தான். காய்ச்சல் எந்த மாதத்தில் பரவியது என்பதைக்கூட அந்தப் பதிவிலிருந்து அறிய முடியாதே!

89 வயதைத் தாண்டியவர்களுக்குச் சரியான வயதையும் குறிக்கக் கூடாது. '90ம் அதற்கு மேலும்' என்றே எழுதவேண்டும். ஏன் தெரியுமா? உங்கள் ஊரில் அந்த வயதில் எத்தனை பாட்டிகள் இருக்கிறார்கள், எண்ணிப் பாருங்கள்.