பனித்தரையில் எட்டு ஆட்டங்கள்

புற்றரையில் ஆடப்படும் ஹொக்கி நம் நேயர்கள் பலருக்குப் பழக்கமானதே. குளிர் நாடுகளிலே அதற்கு இனமான இன்னோர் ஆட்டம் உறைந்த பனிக்கட்டியின்மேல் நிகழ்கின்றது. பாதணியின் அடியில் எஃகு அலகு. கையிலே நீண்ட மட்டை. பந்துக்குப் பதிலாக 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள இறப்பர் வட்டு. ஒரு பக்கத்தில் அறுவர் வீதம் ஆடுவர். 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். எதிரியை உடலால் மோதித் தடுப்பதும் விதிக்கு உட்பட்டதே. பறந்து செல்லும் வட்டைக் கண்ணாற் பின்தொடர்வதற்கே பழக்கம் வேண்டும்.

கனடா நாட்டவர் இவ்வாட்டத்தைத் தம் குடும்பச் சொத்தைப் போலக் கருதுபவர்கள். ஆயினும் உலகப் போட்டிகளிலே ஊதியம் பெற்று ஆடும் அவர்தம் வல்லுநர்க்கு இடமிருக்கவில்லை. சோவியத் ஒன்றியமோ 1946இல்தான் இதனை முறையாக ஆடத் தொடங்கியது. 1954இல் உலகப் போட்டியில் முதன்முதற் கலந்துகொண்டபோதே வாகை சூடிற்று. 1963 முதல் 1971 வரை ஒன்பது முறை இடைவிடாது உலக வெற்றி அதற்கே. சோவியத் ஆட்டக்காரர் பெயரளவிற் படைவீரர். உண்மையில் ஆண்டு முழுவதும் ஹொக்கியே அவர்தம் தொழில். இதனை எதிர்த்துக் கனடா 1970இல் உலகப் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டது. ‘எங்கள் தலைசிறந்தவர்கள் இறங்கினால் தெரியும்’ என்பதே கனடியர் பலரின் எண்ணமாயிருந்தது.

1972 செப்டெம்பரில் அவர்கள் இறங்கினார்கள். கனடாவில் நான்கு, மொஸ்கோவில் நான்கு என எட்டு ஆட்டங்கள். முன்னரே வேவு பார்க்கச் சென்ற கனடியர், திரெத்தியாக் என்னும் 20 வயதுக் கோல் காப்பாளர் ஒரு பயிற்சி ஆட்டத்தில் எட்டுக் கோல்களை விட்டதைக் கண்டு, அவரைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டனர். அந்த இளைஞருக்கு அப்போது திருமணம் நெருங்கியிருந்தது என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

செப்டெம்பர் 2ஆம் நாள் மொன்றியல் நகரில் முதல் ஆட்டம். ஏழு நிமிடங்கள் நிறையுமுன் கனடா இரண்டு கோல்களைப் போட்டது. அரங்கம் ஆர்ப்பரித்தது. அதன் பிறகு சோவியத் அணியினர் வட்டை ஒருவர்க்கொருவர் கடத்தி நெய்த நெசவிலே கனடியர் திகைத்து நின்றனர். முடிவு 7–3, வென்றது சோவியத் அணி. அன்று அரங்கில் இருந்தோர் நெடுங்காலத்தின் பின்னரும் நினைவுகூர்வது கோல்களை அன்று. ஆரவாரம் அடங்கிய அந்த அமைதியையே. அன்று இரு கோல்கள் போட்ட வலெரி கர்லாமோவ் என்பாரின் பெயர் ஒரே இரவிற் கனடா எங்கும் பரவிற்று.

வன்கூவரில் நான்காம் ஆட்டமும் தோல்வியாக முடிந்தபோது சொந்த மக்களே தம் அணியை இகழ்ந்து கூச்சலிட்டனர். பில் எஸ்பொசிற்றோ வியர்வை வழியும் முகத்தோடு தொலைக்காட்சியிலே தோன்றி, தாங்கள் முயலாதிருக்கவில்லை என்று நாட்டு மக்களிடம் முறையிட்டார். அணியின் உள்ளம் திரும்பியது அங்கேதான் என்று சொல்வோர் பலர். மொஸ்கோவில் முதல் ஆட்டத்தையும் இழந்த பின்னரே வெற்றி வரத் தொடங்கியமையால், ஒரு பேச்சுக்கு அவ்வளவு பெருமை கொடுப்பது சற்று மிகை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

ஆறாம் ஆட்டத்திலே நிகழ்ந்த ஒன்றை இரு நாட்டாரும் இரு வேறு விதமாக நினைவு வைத்திருக்கின்றனர். கனடாவின் பொபி கிளார்க் தம் மட்டையாற் கர்லாமோவின் கணுக்காலில் ஓங்கி அடித்தார். அடுத்த ஆட்டத்தில் கர்லாமோவ் ஆடவில்லை. இறுதி ஆட்டத்திலும் வழமையான வலிமையோடு ஆடவில்லை. வெற்றிக்காக எதுவும் செய்யலாம் என்று அன்று வாளாவிருந்த கனடியர் சிலர், முதுமையிலே அதை எண்ணி நாணுகின்றனர். ருஷ்ய இரசிகர்க்கோ அது ஆறாத புண். கர்லாமோவ் 1981இல், 33ஆம் வயதில், மோட்டார் விபத்தில் மனைவியோடு உயிரிழந்தார். அவர்தம் பழைய தோழர்கள் அப்போது கனடாவிலே போட்டிக்காகத் தங்கியிருந்தனர்.

இனி இறுதி ஆட்டம். செப்டெம்பர் 28. இரு பக்கமும் மும்மூன்று வெற்றி. ஓர் ஆட்டம் சமன். கனடாவிலே பாடசாலைகளில் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்து மாணவர்க்குக் காட்டினார்கள். அதனால் அன்று சிறுவராயிருந்தோர்க்கு அது வகுப்பறையோடு பிணைந்த நினைவாகிவிட்டது. ஏறத்தாழ 3000 இரசிகர்கள் மொஸ்கோவுக்கே சென்றிருந்தனர். இரண்டு பகுதிகள் முடிந்தபோது சோவியத் அணி 5–3 என முன்னணியில் நின்றது. மூன்றாம் பகுதியிற் கனடா இரண்டு கோல்களைப் போட்டுச் சமன் செய்தது. ஆட்டம் சமனாக முடிந்தால், மொத்தக் கோல்களின்படி வெற்றி தமதே என்று உரிமை கொண்டாடச் சோவியத் தரப்பினர் காத்திருந்தனர்.

போல் ஹெண்டர்சன் அணியின் முதல்தர நட்சத்திரங்களில் ஒருவர் அல்லர். ஆயினும் ஆறாம், ஏழாம் ஆட்டங்களின் வெற்றிக் கோல்கள் அவருடையவை. இறுதிக் கட்டத்தில் அவர் கோலுக்குப் பின்னே வழுக்கி விழுந்து, எழுந்து முன்னே வந்தார். எஸ்பொசிற்றோ அடித்த வட்டைத் திரெத்தியாக் தடுத்தார், திரும்பி வந்த வட்டை ஹெண்டர்சன் அடித்தார், அதுவும் தடுக்கப்பட்டது. மறுபடியும் அடித்தார். கோல்! அவரைத் தோழர் கூர்னோயே கட்டித் தழுவும் புகைப்படம் இன்றும் கனடிய இல்லங்களிற் காணப்படுவது. அன்று அவர் அணிந்த மேற்சட்டை 2010இல் பத்து இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று.

தோற்றவரையும் கனடியர் மறக்கவில்லை. திரெத்தியாக் 1989இல் ரொறன்ரோவிலுள்ள ஹொக்கிப் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பெற்றார். கர்லாமோவின் பெயர் 2005இல் அங்கே இடம்பெற்றது.

எதிர்ப்புறத்துக் கோலைக் காத்து நின்ற கென் டிறைடன் 2025இல் மறைந்தார். ஹெண்டர்சனின் கோலைக் கண்டதும் அவர் தம் இடத்தை விட்டு, கனத்த காப்புடைகளோடு பனித்தரையின் முழு நீளத்தையும் கடந்து சென்று தோழரைத் தழுவிக்கொண்டார். ஆனால் மணிக்கூட்டில் இன்னும் 34 விநாடிகள் எஞ்சியிருந்தன. அவ்வளவு தூரமும் அவர் தனியே திரும்பி வந்து, தம் கோலின் முன் மறுபடி நிற்க வேண்டியதாயிற்று.