எலுமிச்சம்பழ அளவு குண்டில் 3 டன் வீடு

அமெரிக்காவில் கோடை பிறந்தால் நெடுஞ்சாலைகளில் வீடுகள் ஓடத் தொடங்கிவிடும். கட்டில், அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய டிராவல் டிரெய்லர்கள். பிக்கப் வண்டியில் மாட்டிக்கொண்டு கிராண்ட் கேன்யனுக்கோ யெல்லோஸ்டோனுக்கோ குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். இழுபடும் வீட்டின் எடை சாதாரணமாக 3 டன்னைத் தொடும். அதை வண்டியோடு பிணைத்து வைத்திருப்பது வண்டியின் பின்னால் நீளும் ஹிட்ச் என்ற இணைப்பின் நுனியில் உள்ள ஓர் இரும்புக் குண்டு. குறுக்களவு 2 அங்குலம். பெரிய டிரெய்லர் என்றால் 2 5/16 அங்குலம். ஓர் எலுமிச்சம்பழம், அவ்வளவுதான்.

இரண்டு அளவுகளுக்கும் இடையே வெறும் 8 மில்லிமீட்டர்தான். விபரீதம் அந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது. குண்டைக் கவ்விக்கொள்ள டிரெய்லரின் மூக்கில் ஒரு கிண்ணம் இருக்கும். பெரிய குண்டுக்கான கிண்ணம் சின்னக் குண்டின் மேலும் சமர்த்தாக உட்காரும். தாழ்ப்பாளும் விழும். வீட்டு வாசலில் இழுத்துப் பார்த்தால் பின்னாலேயே வரும். சாலையில் ஒரு பள்ளத்தில் குதித்ததும் கழன்றுகொள்ளும். அளவு சரியாக இருந்தாலும் சில நேரம் கிண்ணம் முழுதாக இறங்காமல் குண்டின் உச்சியிலேயே தொற்றிக்கொண்டு நிற்கும். அதனால் பழகியவர்கள் கண்ணை நம்புவதில்லை. தாழ்ப்பாள் போட்டபின் டிரெய்லரின் முன்பக்க ஜாக்கியைச் சுழற்றி உயர்த்திப் பார்க்கிறார்கள். பிக்கப்பின் பின்புறமும் கூடவே எழும்பினால் பிடிப்பு உறுதி. கிண்ணம் மட்டும் தனியே மேலே வந்தால், நல்லவேளை, இன்னும் வாசலில்தான் நிற்கிறோம்.

அப்படியும் கழன்றால்? இரண்டு சங்கிலிகள் காத்திருக்கும். அவற்றை நேராக மாட்டாமல் பெருக்கல் குறிபோலக் குறுக்காக மாட்டுவதில் காரணம் இருக்கிறது: டிரெய்லரின் மூக்கு விழுந்தாலும் தார்ச்சாலையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். சங்கிலியும் அறுந்துபோனால் கடைசிக் காவல் ஒரு மெல்லிய கம்பி. அது இழுபட்டு ஒரு முள்ளைப் பிடுங்கியதும் டிரெய்லரின் சொந்த பேட்டரி அதன் பிரேக்குகளை அழுத்திவிடும். இந்தக் கம்பியைச் சங்கிலியிலோ, கழற்றி மாட்டும் ஹிட்ச் தண்டிலோ கட்டிவிடுகிறவர்கள் உண்டு. தண்டே உருவிக்கொண்டு வந்தால் கம்பியும் அதோடு சேர்ந்து போய்விடும். வண்டியின் சட்டத்தோடு தனியாக இணைத்தால்தான் பயன்.

பூட்டு சரி, பாரம்? மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்கவே வேண்டாம். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலெழுந்து கழுத்துக் கயிறு மாட்டை நெரிக்கும். டிரெய்லருக்கும் அதே கணக்குதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் குண்டின் மேல் அமர வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். 3 டன்னுக்கு 300 முதல் 450 கிலோ. இந்தப் பாரத்தால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்கள் லேசாகிவிடாதபடி, எடையைப் பகிர்ந்தளிக்கும் வில்கம்பிகளையும் பலர் பொருத்துகிறார்கள்.

பின்பாரத்தின் விளைவைக் காட்ட ஒரு பிரபலமான செய்முறை உண்டு. ஓடும் பட்டையின் மேல் பொம்மைக் காரையும் டிரெய்லரையும் விடுவார்கள். எடைக்கட்டிகள் முன்னால் இருந்தால், தட்டிவிட்டாலும் இரண்டு ஆட்டத்தில் டிரெய்லர் நேராகிவிடும். அதே கட்டிகளைப் பின்னால் நகர்த்திவிட்டுத் தட்டினால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போய்க் கடைசியில் காரையும் சுழற்றி எறியும்.

சாலையில் இந்த ஆட்டத்தைக் கிளப்ப ஒரு பக்கக்காற்று போதும், கடந்து போகும் ஒரு லாரி போதும். கால் தானாகப் பிரேக்குக்குப் போகும், அதுதான் தப்பு. கார் வேகம் குறைந்தால் பின்னால் வரும் வீடு அதை முட்டித் தள்ளும். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாமல் நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டேஷ்போர்டு அருகே உள்ள கைவிசையால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இழுக்க வேண்டும். பின்னாலிருந்து யாரோ வாலைப் பிடித்து இழுத்ததுபோல் இரண்டும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும்.

முன்பாரம் எவ்வளவு என்று அறிய லாரிகள் நிற்கும் பங்க்குகளில் உள்ள எடைமேடை போதும். வில்கம்பிகளைத் தளர்த்திவிட்டு, பிக்கப்பின் சக்கரங்கள் தாங்கும் எடையை டிரெய்லரோடு ஒருமுறை, தனியாக ஒருமுறை பார்த்தால் வித்தியாசம்தான் விடை. அங்கே நின்றபடியே, பின்கட்டிலுக்கு அடியில் அடுக்கிய தண்ணீர் கேன்களையும் விறகுக் கட்டையும் முன்னால் தூக்கி வைக்கும் குடும்பங்களைக் காணலாம்.