தன்னார்வத்தின் கூலிக் கணக்கு

இணையத்தின் பெயர், எண் ஒதுக்கீட்டின் மீது தனக்கிருந்த மேற்பார்வையைக் கைவிடத் தயார் என்று 2014 மார்ச்சில் அமெரிக்க அரசு அறிவித்தது. மாற்று ஏற்பாட்டை உலகச் சமூகமே வகுக்கட்டும் என்றது. 2016 அக்டோபர் 1 அன்று பொறுப்பு கைமாறியது. அந்த ஏற்பாட்டை வகுக்கப் போன உழைப்புக்கு அமெரிக்க வணிகத் துறை ஒரு கணக்கு சொன்னது: 26,000 மணி நேரத்துக்கு மேல் வேலை, 33,000-க்கு மேல் மின்னஞ்சல், 600-க்கு மேல் கூட்டங்களும் அழைப்புகளும்.

26,000 மணியை 8 மணி ஷிப்டாகப் பிரித்தால் 3,250 ஷிப்ட். ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று வைத்தால், ஏறக்குறைய 11 தொழிலாளிகளின் முழு ஓராண்டு. அந்தக் கூட்டங்களில் வந்து உட்கார்ந்தவர்களில் பலருக்கு அவரவர் கம்பெனியோ பல்கலைக்கழகமோ சம்பளம் கொடுத்தது. மற்றவர்கள் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். இலவசம் என்று எழுதப்பட்ட இந்த உழைப்புக்கு யாரோ ஒருவர் கூலி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கொடுக்க ஆளில்லாதவர் வருவதில்லை. சென்னைக்கருகே போன் ஆலைகளும் உள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கமிருந்து இத்தகைய குழுக்களுக்கு ஆள் சேர்க்க நினைப்பவர் இந்த வரியிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

தமிழுக்கு இதில் என்ன வேலை?

தமிழ் எழுத்தில் மூன்று நாட்டுப் பெயர்கள் இணைய முகவரியின் கடைசியில் வருகின்றன: .இலங்கை (2010), .சிங்கப்பூர் (2011), .இந்தியா (2011). இனி யாரேனும் தமிழில் புதிய மேல்நிலைப் பெயர் கேட்டால் எந்த எழுத்து செல்லும், எது செல்லாது என்று விதி வேண்டும். பெயர்களை மேலாளும் ஐகேன் அமைப்பு இதற்காக நியோ-பிராமி குழு என்ற தன்னார்வக் குழுவை ஏற்றது. தமிழ் உட்பட 9 எழுத்துமுறைகள் அதன் பொறுப்பு. 2015-இல் தொடங்கிய வேலையில் தமிழ் விதி 2019-இல் முடிந்தது.

‘ஔ’ என்ற ஓரெழுத்தும், ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்து வைத்த ‘ஒள’-வும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு வேறு வேறு. ஒன்றைப் போல மற்றொன்றைப் பதிந்து ஆளை ஏமாற்றலாம். இந்த மாதிரிக் கண்ணிகளைக் கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த, உன்னிப்பான கண் போதும். அசெம்பிளி லைனில் நாள் முழுக்கத் தரப் பரிசோதனை செய்பவருக்கு அந்தக் கண் ஏற்கெனவே இருக்கிறது.

குறுக்கே நிற்பது மொழி. ஐகேன் ஆவணங்களும் உரைபெயர்ப்பும் ஐ.நா.வின் 6 மொழிகளில் கிடைக்கும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை.

ஓர் இருக்கைக்கு எவ்வளவு?

ஐகேனின் ஒரு பணிக்குழுவில் ஒருவர் ஓராண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும்? வாரம் ஓர் அழைப்பு, 90 நிமிடம். ஆண்டுக்கு 50 வாரம். படிக்க வாரம் 2 மணி நேரம். சம்பளம் கணக்குக்காக மாதம் 18,000 ரூபாய், 26 நாள், நாளுக்கு 8 மணி என்று கொள்வோம்.

அழைப்பு: 75 மணி
படிப்பு: 100 மணி
மொத்தம்: 175 மணி, அதாவது 22 ஷிப்ட்
சாதாரணக் கூலி (மணிக்கு 86.54 ரூபாய்): சுமார் 15,100 ரூபாய்
அதே நேரத்தில் ஓ.டி. பார்த்திருந்தால், சட்டப்படி இரட்டிப்பு: சுமார் 30,300 ரூபாய்

டேட்டா? வீடியோவோடு மணிக்கு 1 ஜி.பி. என்றாலும் மாதம் 6 ஜி.பி.தான். நாளுக்கு 2 ஜி.பி. தரும் 28 நாள் ரீசார்ஜில் இருப்பது 56 ஜி.பி. ஆகவே தன்னார்வலருக்கு டேட்டாப் படி கொடுத்துவிட்டு ஆதரவு தந்தோம் என்று எழுதிக்கொள்வது வீண்செலவு. மலிவான பொருளுக்குப் பணம் கொடுத்து, விலை உயர்ந்த நேரத்தை இலவசமாக வாங்குகிற கதை அது.

கடிகாரம் சொல்வது

உலகக் குழுக்கள் அழைப்பு நேரத்தைச் சுழற்றுவது வழக்கம். ஒரு வாரம் உலகப் பொது நேரம் 13 மணி, மறுவாரம் 20 மணி என்று வையுங்கள். நமக்கு முன்னது மாலை 6.30, பின்னது நள்ளிரவு தாண்டி 1.30. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையோடு இதைப் பொருத்திப் பார்ப்போம்.

காலை ஷிப்ட் (6–2): மாலை 6.30 முடியும். 1.30 முடியாது; 4.30-க்கு எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.
பிற்பகல் ஷிப்ட் (2–10): மாலை 6.30-க்கு லைனில் நிற்பார். 1.30 முடியும், மறுநாள் வேலை 2 மணிக்குத்தான்.
இரவு ஷிப்ட் (10–6): மாலை 6.30 முடியும். 1.30-க்கு ஆலைக்குள் இருப்பார்.

ஆறு வாய்ப்பில் மூன்றுதான் கூடும். எந்த ஷிப்டில் இருந்தாலும் ஒருவர் பாதி அழைப்புகளைத் தவறவிடுவார். ஆறு மாதத்தில் ‘வருகை குறைவு’ என்று பெயர் நீக்கப்படும். ஆர்வம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் இல்லாதது ஆள் ஏற்பாடு.

இதற்கான வழி ஆலைக்காரர்களுக்குத் தெரிந்ததே. எந்த இயந்திரத்தையும் ஒரே ஆளை வைத்து மூன்று ஷிப்டும் ஓட்டுவதில்லை. அதுபோல ஓர் இருக்கைக்கு மூன்று பேர், ஆளுக்கொரு ஷிப்டில். ஷிப்ட் சுழன்றாலும் மாலை அழைப்புக்கு இருவர், நள்ளிரவு அழைப்புக்கு ஒருவர் எப்போதும் கிடைப்பார்கள். வருகை 100 சதவீதம். அழைப்பு முடிந்ததும் 10 நிமிடக் குரல்பதிவு போட்டு அடுத்தவரிடம் ஒப்படைத்தால் தொடர்ச்சியும் அறாது.

12 பேர், ஓராண்டு

நான்கு இருக்கை, இருக்கைக்கு மூவர். மொத்தம் 12 பேர். மாதம் இரண்டு ஞாயிறு கூடிப் படிக்கிறார்கள். எங்கள் மதிப்பீடு இது:

மணிக் கூலி: அழைப்பு 300 மணி, படிப்பு 1,200 மணி, மணிக்கு 87 ரூபாய்: 1,30,500
போக்குவரத்து: தலைக்கு 100 ரூபாய், 24 கூட்டம்: 28,800
சாப்பாடு, டீ: தலைக்கு 80 ரூபாய், 24 கூட்டம்: 23,040
தமிழ்ச் சுருக்கம்: 24 ஆவணம், நான்கு நான்கு பக்கம், பக்கத்துக்கு 500 ரூபாய்: 48,000
ஒருங்கிணைப்பாளர்: மாதம் 5,000: 60,000
மொத்தம்: 2,90,340 ரூபாய்

மறுபக்கம், ஒருவரை ஒரு வாரம் வெளிநாட்டுக் கூட்டத்துக்கு அனுப்ப: விமானம் 90,000, ஏழு இரவு அறை 1,05,000, விசா, காப்பீடு, கைச்செலவு 35,000. ஆக 2,30,000. இருவரை அனுப்பினால் 4,60,000. அந்தப் பணத்தில் 12 பேரை ஓராண்டு தாங்கிய பிறகும் 1,69,660 ரூபாய் மிஞ்சும்.

பயணம் வேண்டாம் என்பதல்ல. நேரில் பார்த்த முகத்துக்குக் குழுவில் மரியாதை கூடும். ஆனால் ஓராண்டு உட்கார்ந்து பழகியவரை அனுப்பினால்தான் டிக்கெட் காசு செரிக்கும்.

கூலி வாங்கினால் அது தன்னார்வமா என்று கேட்பவர்கள் உண்டு. ஐகேன் தன் வாக்குரிமையுள்ள இயக்குநர்களுக்கே மதிப்பூதியம் கொடுக்கிறது. மேலே சரி என்றால் கீழேயும் சரிதான்.

ஆளும் இடமும்

ஆளுக்குப் பஞ்சமில்லை. வல்லம் வடகாலில் 706.5 கோடி ரூபாயில் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். ஆயிரத்தில் ஒருவர் வந்தாலும் 18 பேர். நமக்கு வேண்டியது 12. கூட்டத்தை அங்கேயே வைத்தால் போக்குவரத்துச் செலவும் மிச்சம்.

இடத்துக்கும் பஞ்சமில்லை. 1993-இல் தொடங்கி, 2012-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவ நிறுவனமான ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. இளைஞர் பயிற்சிதான் அதன் தொழில்.

பணமும் இருக்கிறது. ஐகேனின் ஆண்டு வரவு செலவு 14 கோடி டாலரைத் தாண்டும். 2026 சுற்றில் ஒரு புதிய மேல்நிலைப் பெயருக்கு அடிப்படை விண்ணப்பக் கட்டணம் 2,27,000 டாலர். டாலர் 85 ரூபாய் என்றாலும் 1.93 கோடி ரூபாய். அந்த 12 பேரின் ஓராண்டுச் செலவு இந்த ஒற்றை விண்ணப்பத்தில் ஒன்றரை சதவீதம்.

இணைய ஆளுகைப் பயிற்சிக்கு நிதி ஒதுக்கும் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் விமான டிக்கெட்டுக்கு முன்னால் ‘மணிக் கூலி’ என்று ஒரு தலைப்பைச் சேருங்கள். ஓர் இருக்கைக்கு மூன்று பெயர் எழுத இடம் விடுங்கள். போனைச் செய்பவர்கள் அந்தப் போனுக்குள் ஓடும் இணையத்தின் விதியையும் எழுத வருவார்கள்.