கையெழுத்துப் போடுமுன் கூரையைப் பாருங்கள்

தோட்டத்து எஞ்சின் இரவில் நின்றதும் லயமே இருண்டுபோன கதையை நம் அப்பாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று செகிஞ்சான், தஞ்சோங் காராங் பக்கம் சொந்த வீடு வாங்கிய நம்மவரிடம், "சோலார் போட்டா பில்லே வராது அண்ணே" என்று சொல்ல ஆள் வருகிறது.

தகட்டில் இருப்பது சிலிக்கான். வெளிச்சம் பட்டால் அதிலே கரண்டு ஓடும். சூட்டுக்கு அதில் வேலையில்லை. தகடு கொதித்தால் கரண்டு குறையவே செய்யும். இன்வெர்ட்டர் என்ற பெட்டி அதை வீட்டுக் கரண்டாக மாற்றும். ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 3 யூனிட் தரும். மிஞ்சுவது தெனாகா கம்பிக்குப் போய்ப் பில்லில் கழியும். அந்தப் பழைய கழிவுத் திட்டம் 2025 ஜூனோடு மூடியாச்சு. 2026 ஜனவரியில் 'சோலார் ஆதாப்' வந்தது. பழைய கணக்கையே காட்டுகிறவரிடம் புதிய விதியை எழுத்தில் கேளுங்கள்.

பகலெல்லாம் ஏர்கோன் ஓடி, மாதம் 300 வெள்ளி கட்டும் வீட்டுக்கு லாபம்தான். நாமோ விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள். மாதம் 50 வெள்ளி கட்டுகிறவர் 15,000 வெள்ளிக்குத் தகடு போட்டால், பில் முழுசாகப் போனாலும் முதல் திரும்ப 25 ஆண்டு! பேட்டரி இல்லாவிட்டால் தெனாகா கரண்டு போகும்போது சோலாரும் நிற்கும். கம்பியில் ஏறி வேலை செய்கிறவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

தோட்ட வீட்டுக் கூரை நிர்வாகத்துடையது. அதற்காக நாம் கடன்பட வேண்டாம். 1990-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டப்படி அங்கே மின்சாரம் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு.