வேனிற்கால விருந்து: அடுப்பு அதிகம் எரியாத உணவுகள்

பள்ளி விடுமுறையில் உறவினர் வருகை மிகுவதும், சமையலறையில் நிற்கவே இயலாத வெப்பம் நிலவுவதும் ஒரே காலத்தில்தான். வந்தவர்கள் கூடத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து உரையாட, உபசரிப்பவர் மட்டும் எண்ணெய்ச் சட்டியின் முன் இரண்டு மணி நேரம் வியர்வையில் நனைவது விருந்தோம்பலின் இலக்கணமாக இருக்க வேண்டியதில்லை. கடும் வெயிலுக்குப் பழகிய நம் நாட்டின் பல பகுதிகளில், அடுப்பைக் குறைவாகவே வேண்டும் உணவுகள் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. அவற்றுள் சிலவற்றை வாசகர்கள் தம் இல்லத்திலும் எளிதில் செய்து பார்க்கலாம்.

மகாராஷ்டிரத்தின் சைத்ர கௌரி வழிபாடு இதற்குச் சிறந்த சான்று. யுகாதியோடு தொடங்கும் சைத்ர மாதத்தின் வளர்பிறைத் திருதியை முதல் அட்சய திருதியை வரை, ஒரு மாத காலம், பெண்கள் கௌரியை வீட்டில் எழுந்தருளச் செய்து, மஞ்சள் குங்குமம் பெற அண்டை அயலாரை அழைப்பார்கள். ஒரே மாலையில் பலர் வந்து செல்லும் இந்நிகழ்ச்சியில் வழங்கப்படுபவை ஆம்பே டாளும் பன்ஹேயும் ஆகும். இரண்டுக்கும் அந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் மாங்காய்தான் அடிப்படை.

ஆம்பே டாள் செய்ய, பத்துப் பேருக்குக் கால் கிலோ கடலைப்பருப்பை நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து, பச்சை மிளகாய், உப்பு, சிறிது சர்க்கரை சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். அரைக்கையில் தண்ணீர் விடலாகாது. விழுதாகிவிட்டால் வடை மாவுதான் மிஞ்சும். ஒரு நடுத்தர மாங்காயைத் துருவிக் கலந்து, கடுகு, பெருங்காயம், மஞ்சள்தூள், காய்ந்த மிளகாய் தாளித்து, தாளிப்புச் சற்று ஆறியபின் கொட்டி, தேங்காய்த் துருவலும் கொத்தமல்லித் தழையும் தூவினால் போதும். அடுப்பின் வேலை இரண்டே நிமிடம். கன்னட நாட்டுக் கோசம்பரியும், ராமநவமிக்கு நாம் செய்யும் கோசுமல்லியும் இதன் உறவுகளே. அவற்றில் பாசிப்பருப்பு முக்கால் மணி நேரம் ஊறினாலே போதுமாதலால், முன்னறிவிப்பின்றி வரும் விருந்தினருக்கு அவையே ஏற்றவை. வெள்ளரிக்காய் சேர்த்தால் உப்பைப் பரிமாறும் வேளையில்தான் இட வேண்டும். முன்னரே இட்டால் காய் நீர் விட்டுப் பருப்பு மிதக்கத் தொடங்கும்.

பன்ஹேக்கு மாங்காயை முழுதாக வேகவைத்துச் சதையைப் பிசைந்தெடுத்து, ஒரு கிண்ணம் சதைக்கு ஒன்றரைக் கிண்ணம் வெல்லம், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்க்க வேண்டும். இவ்விழுதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொண்டால், யார் வந்தாலும் இரண்டு கரண்டியைக் குளிர்ந்த நீரில் கரைத்துக் கொடுத்துவிடலாம். வட இந்தியாவில் மாங்காயைச் சுட்டு, வறுத்த சீரகம், புதினா, கறுப்பு உப்புச் சேர்த்து ‘ஆம் பன்னா’ என்பார்கள். இனிப்பைக் குறைக்க விரும்புவோருக்கு அதுவே பொருத்தம். புட்டிகளில் விற்கும் வண்ணப் பானங்களுக்கு இவ்விரண்டும் எவ்வகையிலும் குறைந்தவை அல்ல என்பது எம் கருத்து.

பீகாரின் ‘சத்து’ வேறொரு வகை. பெயரைக் கண்டு நம் ஊர்ச் சத்துமாவு என்று எண்ணிவிட வேண்டாம். இது வறுத்த கடலையின் மாவு மட்டுமே. ஏற்கெனவே வறுபட்டதாதலால் மேலும் சமைக்க வேண்டியதில்லை. மூன்று மேசைக்கரண்டி மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, கறுப்பு உப்பு, வறுத்த சீரகத்தூள், எலுமிச்சைச் சாறு, பொடியாக நறுக்கிய வெங்காயம் சேர்த்துப் பருகுவார்கள். புரதம் நிறைந்ததால் பசியும் அடங்கும். அம்மாவு கிடைக்காவிடில் பொட்டுக்கடலையை நைசாகப் பொடித்துப் பயன்படுத்தலாம்.

கொங்கணக் கரையின் சோல் கடி உணவோடும் உணவின் இறுதியிலும் பரிமாறப்படும் இளஞ்சிவப்புப் பானம். பத்துப் பன்னிரண்டு உலர்ந்த கோகம் தோல்களை ஒரு கிண்ணம் வெந்நீரில் அரை மணி ஊறவைத்துப் பிழிந்து, ஆறியபின் இரண்டு கிண்ணம் தேங்காய்ப் பால், அரைத்த பூண்டு, பச்சை மிளகாய், உப்பு ஆகியவற்றோடு கலக்க வேண்டும். கோகத்தின் புளிப்பால் தேங்காய்ப் பால் சூட்டில் திரிந்துவிடும்; ஆகவே இதை அடுப்பில் ஏற்றக் கூடாது.

இனிப்புக்கு ஸ்ரீகண்ட். இரண்டு லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் வடிகட்டி, வடிகட்டியோடு இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் காலை பாதிக்கும் குறைவான எடையில் கெட்டியான திரள் கிடைக்கும். பொடித்த சர்க்கரை, ஏலக்காய், பாலில் ஊறிய குங்குமப்பூ சேர்த்துக் குழைத்தால் முடிந்தது. மாம்பழக் கூழ் சேர்த்தால் ஆம்ரகண்ட். வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசைய உதவும்.

ஒடிசாவின் பகாளா நம் பழைய சோற்றின் உடன்பிறப்பு. அங்கே மார்ச் 20ஆம் நாளைப் பகாளா தினமாகவே கொண்டாடுகின்றனர். தயிர் கலந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, பொடித்த வடகமும் கீரையும் துணையாக வைத்தால், விருந்தினர்க்கு வைக்கத் தயங்க வேண்டிய உணவே அன்று.

எனினும் சமைக்காத உணவுக்கு ஒரு விலை உண்டு. கொதிக்கும் சூட்டில் அழியும் கிருமிகள் இவற்றில் அழிவதில்லை. ஊறவைக்கும் நீர், கரைக்கும் நீர், பனிக்கட்டிக்கான நீர் ஆகிய அனைத்தும் கொதித்து ஆறியதாக இருத்தல் வேண்டும். உறைவதால் கிருமிகள் மடிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. கோடையில் பருப்பை ஊறவைத்த கிண்ணமும் குளிர்பதனப் பெட்டிக்குள் இருப்பதே நல்லது. அரைத்த பருப்பு, தேங்காய்ப் பால், தயிர், நறுக்கிய பழம் ஆகியவை வெளியே இருக்கும் நேரம், 32 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒரு மணியைத் தாண்டக் கூடாது. மாலை விருந்தெனில் பாதியை மேசையில் வைத்து, மீதியைக் குளிரிலேயே வைத்திருந்து எடுத்துப் பரிமாறலாம். பகாளாவுக்கான சோற்றைக் குவியலாக விடாது, அகன்ற தட்டில் பரப்பி விரைவாக ஆற்றியபின் நீர் ஊற்ற வேண்டும். அரிசியில் உள்ள சிலவகை நுண்ணுயிர் வித்துகள் வேகும் சூட்டையும் தாங்கி, வெதுவெதுப்பில் பெருகக்கூடியவை. முதியோர், கருவுற்ற பெண்கள், சிறு குழந்தைகள் விருந்தில் இருந்தால், ஊறிய பருப்பை இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து, ஆறியபின் உதிர்த்து மாங்காய் சேர்க்கலாம். சுவை சற்று மாறினாலும் உணவு கெடாது.